மலைப்பாதையில் ஓடும் காருக்குள் இரைச்சலைக் குறைப்பது எப்படி? வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பின்சீட்டில் இருக்கும் அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "என்னப்பா?" என்றுதான் பதில் வரும். குஞ்சப்பனை தாண்டும்வரை இருவரும் கத்திக்கொண்டே போவோம். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தம்பி ஓட்ட, நான் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். முன்சீட்டில் அவர்கள் பேசியதில் பாதி எனக்கும் கேட்கவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே ஒரு தகரம், அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான். தார்ச்சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் நேராகக் காதுக்குள் வந்து விழுந்தது.

என்னுடையது பத்து வயதான சிறிய ஹேட்ச்பேக். இந்த அளவுக் கார்களில் எடையையும் விலையையும் குறைக்கத் தகரத்தை மெல்லியதாக வைப்பார்கள். சத்தம் தடுக்கும் பொருள்களையும் பேருக்குத்தான் ஒட்டுவார்கள். இரண்டு வெயில் பருவங்களில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, வேலை முழுவதையும் நானே செய்து முடித்தேன். ஒரு கதவைத் தப்பாகச் செய்து, பிரித்து, மறுபடியும் செய்தேன். அந்தக் கதை கீழே வரும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் நான்குவழிச் சாலைக்காரர்களுக்கானவை. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் சீறலே பெரிய தொல்லை. வேகம் இரட்டிப்பானால் டயர் சத்தம் ஏறக்குறைய 9 டெசிபல் கூடும், காற்றுச் சத்தமோ 15 டெசிபலுக்கும் மேல் கூடும். நாம் மலையில் 30, 40க்கு மேல் எங்கே போகிறோம்? காற்றுச் சத்தம் நமக்குக் கணக்கிலேயே இல்லை. நம் தொல்லைகள் வேறு: சொரசொரப்பான சாலையில் டயரின் உறுமல், இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜினின் அலறல், மழை நாளில் கூரையின் தடதடப்பு. இதற்கெல்லாம் மேலே ஈரம் ஒன்று இருக்கிறது. மலையில் சத்தம் தடுக்க ஒட்டும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் முன்னால், "இதற்குப் பின்னால் தண்ணீர் போனால் எப்படி வெளியே வரும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் ஒட்டாதீர்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஷீட் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி முன்டயர்களின் வெளி ஓரம் சீக்கிரம் தேயும். கையை ரப்பரின்மேல் ஒரு பக்கமாகத் தடவி, பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப்பல் போலவும் இருந்தால், உங்கள் இரைச்சலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அதற்கு அலைன்மென்ட் பார்த்து டயர்களை இடம் மாற்றுவதுதான் மருந்து. எத்தனை ஷீட் ஒட்டினாலும் அந்த ஊளை முழுவதும் போகாது.

காற்றழுத்தமும் ஒரு காரணம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட அதிகமாகப் பிடித்தால் டயர் கல்லாகி ஒவ்வொரு குழியையும் உடம்புக்கு அனுப்பும். குறைவாக வைத்தால் வளைவுகளில் ஆபத்து. மேட்டுப்பாளையத்தின் வெயிலில் காற்றுப் பிடித்துக்கொண்டு ஊட்டிக்கு வந்தால் குளிரில் அழுத்தம் குறைந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. 20 டிகிரி குளிர்ந்தால் சுமார் 3 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அலகு) குறையும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் மீட்டர் ஏறக்குறைய அதே 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? நீங்கள் அதிகம் ஓட்டும் ஊரில், காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீல் பேரிங், அதாவது சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பாகம். சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி ஒன்று நமக்கு உண்டு: வளைவுகள். இடதுபுறம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலதுபக்கச் சக்கரங்களில் விழும். அப்போது ஊளை கூடி, வலதுபுறம் திரும்பும்போது குறைந்தால் வலதுபக்க பேரிங்கின்மேல் சந்தேகப்படுங்கள். மாறிக் கேட்டால் இடதுபக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாமல், சாலை மாறும்போது மட்டும் மாறினால் அது டயர். பேரிங் சத்தத்தை ஷீட் ஒட்டி மறைப்பது, தேள் கொட்டிய இடத்தில் சந்தனம் பூசுவது போல. மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

இவை சரியென்றால் அளவெடுக்கலாம். கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் அதே கைபேசியை அதே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிடலாம். உங்கள் ஊர்ப் பக்கம் நேரான, ஏற்ற இறக்கமில்லாத ஒரு துண்டுச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஃபேனை நிறுத்தி, 40 கிலோமீட்டர் வேகம், மூன்றாவது கியர். மூன்று முறை ஓட்டி எழுதி வையுங்கள். செயலியில் ஏ, சி என்று இரண்டு அளவீடுகள் இருந்தால் இரண்டையும் குறியுங்கள். ஏ அளவீடு அடித்தொண்டை உறுமலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று சொல்லலாம். நம்மைக் களைப்படைய வைப்பது அந்த உறுமல்தான், அது சி அளவீட்டில்தான் தெரியும்.

இன்ஜின் சத்தத்தைத் தனியே பிரித்துப் பார்க்க விரும்பினால், சமதளத்தில் கிளட்சை அழுத்திக் கேளுங்கள். இறக்கத்தில் இன்ஜினை அணைத்தோ நியூட்ரலில் விட்டோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் போய்விடும், ஸ்டீயரிங் இறுகும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலைவிதி சோதனைக்கும் பொருந்தும்.

பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு பேடிலும் (உள்பக்க பிளாஸ்டிக் மூடி) தகரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை வைத்ததும் சத்தம் குறைகிறதா? அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. என் வண்டியில் நான்கு இடங்களில் கோடு விழுந்தது, அதில் இரண்டு டிக்கியில்.

மூன்று பொருள்கள், மூன்று வேலைகள்

கோயிலில் சேகண்டி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்த கையோடு அதன்மேல் ஒரு விரலை வைத்தால் நாதம் அங்கேயே நின்றுவிடும். டேம்பிங் ஷீட் செய்வது இதைத்தான். ஒரு பக்கம் அலுமினியத் தகடு, மறுபக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர். கார்த் தகரம் அதிரும்போது, மேலே இருக்கும் அலுமினியம் கூடவே அசைய மறுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால்பங்கு முதல் பாதிவரை ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். வண்டியை வெள்ளித் தாளால் சுற்றிய இனிப்புப் பெட்டி மாதிரி மாற்றிப் படம் போடுகிறவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டாவது, நுண்ணறைகள் மூடிய ஃபோம். பிளாஸ்டிக்கும் தகரமும் உரசிக் கிறீச்சிடாமல் தடுக்கும், கொஞ்சம் குளிரையும் தடுக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: மெத்தை ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரை உறிஞ்சும் ஃபோம் மலைக்கு ஆகாது. வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தையல் கடைக் கழிவுத்துணியில் செய்யும் ஃபெல்ட்டும் வேண்டாம். ஈரம் பிடிக்கும், தோட்டத்து எலிக்கு மெத்தை விரித்த மாதிரியும் ஆகும்.

மூன்றாவது, எம்எல்வி எனப்படும் கனமான வினைல் விரிப்பு. ஒரு சதுர மீட்டர் சுமார் 5 கிலோ. காற்றின் வழியாக வரும் சத்தத்துக்கு இது சுவர். ஆனால் சுவரில் ஓட்டை இருந்தால் பயனில்லை. நூறில் ஒரு பங்கு இடைவெளி விட்டாலே, விரிப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. டேம்பிங் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டலாம், இதை அப்படிச் செய்ய முடியாது.

எடையைக் கணக்கிடுங்கள். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் ஒரு சதுர மீட்டர் 3 கிலோவுக்கு மேல் வரும். 5 சதுர மீட்டர் ஒட்டி, 3 சதுர மீட்டர் வினைலும் விரித்தால் 30 கிலோ. அரை சிமெண்ட் மூட்டைக்கு மேல். சிறிய இன்ஜின் அதை ஒவ்வொரு நாளும் மலையேற்ற வேண்டும். அதனால்தான் நான் வினைலைத் தரைக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.

தார் ஷீட் விஷயம். பார்வைக்கு பியூட்டைல் போலவே இருக்கும், விலை குறைவு. நான் முதலில் வாங்கிய கட்டு அப்படிப்பட்டதுதான். பியூட்டைல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு ராத்திரி வெளியே போட்டுவைத்து விடிகாலையில் மடக்கினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. நல்ல பியூட்டைல் குளிரிலும் சூயிங்கம் போல இழுபடும், வாசனை அதிகமிருக்காது. தாரோ குளிரில் வெடிக்கும், கீழே கோயம்புத்தூர் வெயிலில் நிறுத்தினால் உருகி வழியும், வண்டிக்குள் ரோடு போடும் வாசனை வரும். குளிரும் வெயிலும் ஒரே நாளில் பார்க்கும் மலைக்கார வண்டிக்கு இது சரிப்படாது.

எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு சிறு துண்டை வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து லைட்டரால் கொளுத்துங்கள். நெருப்பை எடுத்ததும் தானாக அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் அது காருக்குள் போகக் கூடாத பொருள்.

மற்றபடி தேவையானவை: 10 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், ஸ்டார் பிட் செட், பேடு கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல், கட்டர், சின்ன இரும்பு அல்லது மர ரோலர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி, ஹேர் டிரையர். கனமான கையுறை ஒரு ஜோடி கட்டாயம். அலுமினிய ஓரம் பிளேடு போல வெட்டும். உடைந்துபோகும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு மாற்றாகப் பத்துப் பதினைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள், நிச்சயம் உடையும்.

எந்த மாதத்தில் செய்வது

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்கு. ஜனவரியில் மழை இல்லை, ஆனால் தலைக்குந்தா மாதிரித் தாழ்ந்த இடங்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பியூட்டைல் நன்றாகப் பிடிக்கத் தகரம் குறைந்தது 15, 20 டிகிரி இருக்க வேண்டும். ஆகவே பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை, காலை 11 முதல் மாலை 3 வரை, வண்டியை வெயிலில் காயவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மஞ்சு இறங்க ஆரம்பித்தால் கடையைக் கட்டிவிடுங்கள். பனித்துளி படிந்த தகரத்தில் ஒட்டிய ஷீட் ஆறு மாதத்தில் தோல் உரிவது போல உரியும்.

டிக்கியும் பின்சக்கர வளைவும்

எல்லோரும் கதவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் டிக்கியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, அதனால் பலன் அதிகம். அதோடு, இங்கே மின்சாரக் கம்பிகளும் ஏர்பேக் சமாச்சாரங்களும் குறைவு, கை பழகும்.

ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துவிட்டு, விரிப்பைத் தூக்கி, பக்க மூடிகளைக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி அதிலேயே வையுங்கள். படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இப்போது விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். "டங்" என்று நாதம் எழும்பினால் ஷீட் வேண்டும். "தொப்" என்றால் தொழிற்சாலையிலேயே ஒட்டியிருக்கிறார்கள், அல்லது அந்தத் தகரம் மடிப்பால் இறுகியிருக்கிறது, விட்டுவிடலாம். ஸ்டெப்னிக் குழியின் அடித்தகரமும் சக்கர வளைவின் மேல்புறமும் பெரும்பாலும் "டங்" என்றுதான் சொல்லும்.

துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து ஒருநாள் காயவிடுங்கள். துருவின்மேல் ஷீட் ஒட்டினால் துரு உள்ளே நிம்மதியாக வளரும். பிறகு ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், துணி கறுப்பாக வராத வரைக்கும். ஷீட்டின் மேல்தாளை ஒரேயடியாக உரிக்காமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து ஒட்டி, ஹேர் டிரையரில் சூடுகாட்டி, ரோலரால் அழுத்தி உருட்டுங்கள். அலுமினியத்தின்மேல் அச்சிட்ட புள்ளிக் கோலம் தட்டையாகும்வரை உருட்ட வேண்டும். கை வலிக்கும். இந்த உருட்டலில்தான் எல்லாமே இருக்கிறது. காற்றுக் குமிழி தங்கினால் ஷீட் இருந்தும் இல்லாத மாதிரிதான். குமிழியைக் கண்டால் கட்டர் முனையால் குத்தி மறுபடி உருட்டுங்கள்.

சக்கர வளைவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே பாதி இல்லை, முக்கால்வாசி மூடுங்கள், அதன்மேல் ஃபோம். ஸ்டெப்னிக் குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடிகளின்மேல் எதையும் ஒட்டக் கூடாது, தண்ணீர் புகுந்தால் அவை வழியாகத்தான் வெளியேற்ற முடியும்.

கதவு

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு டோர் பேடு. கைப்பிடிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்ட்டுக்குள்ளும் மூடி போட்டு மறைத்த திருகுகள் இருக்கும்; எல்லாவற்றையும் எடுத்த பிறகு கீழ் ஓரத்திலிருந்து நெம்புங்கள். முழுவதும் பிடுங்கிவிடாமல் மெதுவாக விலக்கி, பின்னால் இருக்கும் பவர் விண்டோ கனெக்டரையும் லாக் கேபிளையும் விடுவியுங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பிசினில் ஒட்டியிருக்கும். பலர் இதைக் குப்பை என்று கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். பிசினைச் சூடுகாட்டி முழுசாக எடுத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் தடித்த பாலித்தீனில் அதே அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், பிசினுக்குப் பதில் பியூட்டைல் நாடா.

கதவு என்பது உண்மையில் ஒரு வாளி, அடியில் ஓட்டை போட்ட வாளி. மழைநீர் மேலே புகுந்து கீழே வடிய வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். முதல் கதவைச் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. உற்சாகத்தில் வெளித்தகரத்தின் அடிவரை ஷீட்டை இறக்கி, அந்த ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிட்டேன். அந்த நவம்பர் மழையில் ஒவ்வொரு வளைவிலும் கதவுக்குள்ளிருந்து "சளக் சளக்" என்று ஒரு சத்தம். இளநீர் குலுக்கினால் வருமே, அது. சத்தத்தைக் குறைக்கப் போய்ப் புதுச் சத்தம் வாங்கியிருந்தேன். பேடைக் கழற்றி ஷீட்டை அறுத்ததும் கால்வாளித் தண்ணீர் காலில் கொட்டியது. அதற்குள் அடி மடிப்பில் துருவும் ஆரம்பித்திருந்தது.

ஆகவே அடியிலிருந்து நான்கு விரல் அகலம் விட்டுவிடுங்கள். வடிகால் ஓட்டைகளில் ஒரு பழைய பல்துலக்கியைவிட்டு மண்ணை எடுங்கள். வெளித்தகரத்தின் நடுவில், அணுக முடிந்த அளவுக்கு இரண்டு மூன்று பெரிய துண்டுகள் போதும். கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, அது எங்கும் ஷீட்டில் உரசவில்லை என்று பாருங்கள்; இதற்காக பேட்டரியை இடையில் இணைக்க வேண்டியிருந்தால், கழற்றிய ஏர்பேக் கனெக்டர் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இணையுங்கள். லாக் கம்பிகளுக்கும் இடம் விடுங்கள்.

உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை ஷீட்டால் அடைத்தால் ஸ்பீக்கர் சத்தம் நன்றாக இருக்கும் என்று பாட்டுப் பிரியர்கள் செய்வார்கள். செய்யலாம், ஆனால் பின்னால் விண்டோ மோட்டார் கெட்டால் மெக்கானிக் உங்களைத் திட்டுவார். இன்னொன்று: சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். கதவுக்குள் காற்று அழுந்துவதை வைத்துத்தான் மோதலை அது அறிகிறது. அப்படி ஒன்றைக் கண்டால் உள்தகரத்தை நிறுவனம் வைத்தபடியே விட்டுவிடுங்கள்.

பேடை மாட்டுவதற்கு முன்னால் அதன் பின்புறத்தில், தகரத்தைத் தொடும் இடங்களில் ஃபோம் துண்டுகள் ஒட்டுங்கள். கிளிப்புகளைச் சுற்றிச் சின்ன வளையம். கதவைச் சாத்தும்போது வரும் தகரச் சத்தம் "தப்" என்று மாறும். பெரிய கார் வாங்கிய மாதிரி ஒரு பிரமை. அதற்காகவே இன்னும் இரண்டு முறை சாத்திப் பார்ப்பீர்கள்.

கதவைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பரையும் மறக்க வேண்டாம். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது. புது பீடிங் போடுவது, ஷீட் ஒட்டுவதைவிட எளிது.

தரை

இதுதான் பெரிய வேலை. சீட்டுகளைக் கழற்ற வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கம்பியோ கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இறுக்கியின் கம்பி. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆகாமல் தொடாதீர்கள். அந்தக் கனெக்டரைக் கழற்றிய நிலையில் சாவியை ஆன் செய்தால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிலைத்துவிடும், அணைக்கப் பணிமனைக்குத்தான் போக வேண்டும். சீட்டைத் திரும்ப மாட்டிய பிறகு போல்ட்டுகளை அளவான முறுக்கில் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பக்கத்து மெக்கானிக்கிடம் ஐந்து நிமிட வேலை.

விரிப்பைத் தூக்கியதும் முதல் காரியம், அதன் அடிப்பக்கத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். மலை வண்டிகளில் பாதிக்கு மேல் அது ஈரமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். கதவுத் தாள் கிழிசல், வைப்பருக்கு அடியில் இலைதழை அடைத்த வடிகால், ஏசி வடிகுழாய் என்று வழக்கமான குற்றவாளிகள் மூன்று. என் வண்டியில் யூகலிப்டஸ் இலைகள் வைப்பர் தொட்டியை அடைத்திருந்தன.

காய்ந்த பிறகு, தரையில் "டங்" என்று சொல்லும் தட்டையான இடங்களில் மட்டும் ஷீட். ரப்பர் மூடிகளையும் போல்ட் துளைகளையும் விட்டுவிடுங்கள். அதன்மேல் ஃபோம், அதற்கும் மேலே வினைல் விரிப்பு. வினைலைச் செய்தித்தாளில் மாதிரி வெட்டிவிட்டு, பிறகு ஒரே துண்டாக வெட்டுங்கள். அதை ஒட்டாமல் சும்மா விரித்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை தூக்கித் தரையைப் பார்க்கலாம் அல்லவா?

ஓட்டுநரின் காலடியில் மட்டும் கனம் சேர்க்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் தரை உயர்ந்தாலும் கிளட்ச் முழுதாக இறங்காமல் போகலாம், ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவில் இதைக் கண்டுபிடிக்க நேர்வது நல்லதல்ல. மூன்று பெடல்களையும் கடைசிவரை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

கூரை

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நீலகிரி மாவட்டம் இது. இங்கே கூரைக்குச் செய்யும் வேலை வீண்போகாது. மெல்லிய பெரிய தகரம், நடுவில் தாங்கல் குறைவு; மழை அதை மத்தளமாக்கிவிடும்.

ஆனால் உள்லைனிங்கைக் கழற்றுவது பழகாத கைக்குக் கடினம், மடிந்தால் கோடு விழுந்துவிடும். பக்கத் திரை ஏர்பேக் இருக்கும் வண்டியில் இதை நீங்களே செய்ய வேண்டாம் என்பேன். அந்த ஏர்பேக் லைனிங் ஓரத்தைத் தள்ளிக்கொண்டுதான் விரிய வேண்டும், அங்கே ஒரு துண்டு ஃபோம் கூடுதலாக இருந்தாலும் அதன் வழி மாறும். என் வண்டியில் அது இல்லை. உதவிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு லைனிங்கைப் பின்கதவு வழியாக எடுத்தோம். தகரத்தின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஷீட், மேலே மெல்லிய ஃபோம். கூரையில் கனம் ஏற்றினால் வளைவில் வண்டி சாய்வது கூடும் என்பதால் அதோடு நிறுத்தினேன். தலைகீழாக ஒட்டுவதால் ஆல்கஹால் துடைப்பும் ரோலர் அழுத்தமும் இங்கே இரண்டு மடங்கு வேண்டும். கீழே வெயிலில் நிறுத்தும்போது கூரை கொதிக்கும், அரைகுறையாக ஒட்டியது தலையில் விழும்.

இன்ஜின் பக்கம்

இங்கே ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அறைக்குள் பியூட்டைல், சாதாரண ஃபோம் எதுவும் கூடாது. சைலன்சர் குழாயின் சூடு பக்கத்திலேயே இருக்கிறது. பானெட்டின் உட்புறத்துக்கு அந்த மாடலுக்கென்றே வரும் வெப்பம் தாங்கும் மேட் கிடைத்தால் கிளிப்பில் மாட்டலாம். அதைவிட, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, கம்பிகளும் கேபிள்களும் உள்ளே நுழையும் ரப்பர் வளையங்களைப் பாருங்கள். ஒன்று நழுவியிருந்தால் இன்ஜின் சத்தம் அந்த ஓட்டை வழியாக நேராக வரும். என் வண்டியில் யாரோ ஹாரன் கம்பி இழுக்க ஒரு வளையத்தைக் கிழித்திருந்தார்கள். சரியான அளவில் புதிது போட்டதும் இரண்டாவது கியர் அலறல் கணிசமாகக் குறைந்தது.

மறுபடி அளந்து பார்ப்பது

எல்லாம் மாட்டியபின் கண்ணாடிகள், லாக்குகள், உள்விளக்கு, ஏர்பேக் விளக்கு, பெல்ட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு குழாயில் தண்ணீர் பிடித்து ஒவ்வொரு கதவின் கண்ணாடியிலும் ஐந்து நிமிடம் விடுங்கள். கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். வெளியே சொட்டினால் நல்லது, உள்ளே சொட்டினால் தாளை மறுபடி ஒட்டுங்கள்.

அதே சாலை, அதே வேகம், அதே கியர். என் கைபேசியில் ஏ அளவீடு 70லிருந்து 67க்கு வந்தது. மூன்று டெசிபல்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிறது. காதுக்கு அது பாதியாகத் தெரியாது, அதற்குப் பத்து டெசிபல் வேண்டும். ஆனால் உறுமல் போய்விட்டதால் பேச்சு தெளிவாகக் கேட்கும். சி அளவீட்டில் மாற்றம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அம்மா இப்போது பின்சீட்டிலிருந்து என் ஓட்டுதலைப் பற்றித் தெளிவாகக் கருத்துச் சொல்கிறார்.

ஒரு தொல்லைக்கும் தயாராக இருங்கள். பெரிய இரைச்சல் ஓய்ந்ததும் இத்தனை நாள் அதற்குள் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் வெளியே வரும். டேஷ்போர்டு முனகும், ஜாக்கி குலுங்கும், சீட் பெல்ட் கொக்கி கம்பத்தில் தட்டும். எனக்கு இரண்டு வாரம் "டிக் டிக்" என்று ஒன்று கேட்டது. கடைசியில் பார்த்தால் கிளவ் பாக்ஸில் கிடந்த ஒரு ஸ்பார்க் பிளக்.

வளைவுகளில் எதிரே வரும் பேருந்தின் ஹாரன் முன்பைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கும். மஞ்சு மூடிய நாள்களிலும், பலா பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும் இடங்களிலும், நான் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுகிறேன்.

மீந்த ஷீட் துண்டுகளைச் சுருட்டாமல் தட்டையாக வையுங்கள், சுருட்டினால் மேல்தாளோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் அரை சதுர மீட்டர் மீந்தது. சமையலறையின் எவர்சில்வர் சிங்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். இப்போது ராத்திரியில் குழாய் சொட்டினாலும் கேட்பதில்லை, அதனால் காலையில் வாளி நிறைந்து வழிந்த பிறகுதான் தெரிகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.